நோன்பில் எடுத்த அளவு

786

குறிஞ்சாக்கேணி,
கிண்ணியா.
17.01.1982

அன்பு மகன் கலீலுர் றஹ்மானுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இந்த வீட்டில் எல்லோரும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம், கடலுக்கு அந்தப் பக்கம் சவூதியில் நீங்களும் உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கையேந்துகிறேன். வழக்கம்போல நாங்கள் சுகம் என்று தொடங்கத்தான் பேனையை எடுத்தேன், இந்த முறை அந்தச் சொல்லை எழுத மனம் வரவில்லை, ஏன் என்பது கீழே வரும். இந்தக் கடிதத்தை வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் நின்றபடி வாசிக்க வேண்டாம், வெள்ளிக்கிழமை ஆறுதலாக இருந்து வாசியுங்கள். வெள்ளிக்கிழமையும் ஓவர்டைம் இருக்கிறது என்று நீங்கள் எழுதியது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது, அப்படியானால் எப்போது வாசிப்பீர்களோ எனக்குத் தெரியாது.

உங்கள் கடிதம் போன கிழமை கிடைத்தது. உங்களுடைய கொரியாக் கொம்பனி உங்களைப் போர்மனாக உயர்த்தி, இங்கே திருகோணமலைத் துறைமுகத்தில் அவர்கள் கட்டுகிற இறங்குதுறை வேலைக்கே அனுப்பப் போகிறது, நோன்புக்கு முதல் வந்துவிடுவேன் என்று எழுதியிருந்ததை ஸல்ஹாதான் எனக்கு வாசித்துக் காட்டினாள். வாசித்து முடித்துக் குசினிக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. பாவம், புருஷன் வருகிறார் என்று சந்தோஷப்படுவதற்குக்கூட அவளுக்குப் பயம், போன லீவில் வந்து பாதியில் வெட்டிக்கொண்டு ஓடினீர்களே, அது அவளுக்கு இன்னும் ஆறவில்லை. உங்கள் மகள் நிஸா பள்ளிக்கூடம் போகிறாள், வாப்பா எங்கே என்று யாராவது கேட்டால் ஓவர்டைமில் இருக்கிறார் என்று சொல்லுகிறாள், அது ஏதோ ஒரு ஊரின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். கிணற்றடி முருங்கை இந்த மாரியில் முறிந்து விழுந்துவிட்டது. ஆடு இரண்டு குட்டி போட்டது, ஒன்று தங்கவில்லை. துறையில் ஆட்களை ஏற்றிக் கடக்கிற மிதவைப் பாதை பழுதாகிப்போய் மூன்று நாள் வள்ளத்தில்தான் துறையைக் கடந்தோம், பாதையில் கயிறு பிடிக்கிற ஆட்கள் இல்லை என்றார்கள், எல்லோரும் உங்களைப் போல வெளிநாடு போய்விட்டார்கள். இவ்வளவும் எழுதியதற்குக் காரணம், எழுத வேண்டியதை எழுதப் பயந்து தள்ளிக்கொண்டு வருவதுதான்.

அந்தக் கடிதத்திலேயே நாடுகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். சவூதிக்காரன் பாங்கு சொன்னதும் கடையைப் பூட்டுவான், திறக்கத்தான் மறந்துவிடுவான், பாகிஸ்தான்காரன் நல்ல உழைப்பாளி ஆனால் கதை கூட, பிலிப்பைன்காரன் பாட்டுப் படித்துக்கொண்டே வேலையை முடிப்பான், கொரியாக்காரனுக்கு நித்திரையே கிடையாது, நம்முடைய ஆட்கள்தான் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு மணிக்கூட்டைப் பார்க்கிறவர்கள் என்று. பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி எல்லா நாட்டுக்கும் மார்க்ஸ் போட்டு, எங்களைக் கடைசி வாங்கில் இருத்தியிருந்தீர்கள். நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவள், திருகோணமலையைத் தாண்டி ஒரு ஊரும் பார்க்காதவள், ஆனாலும் எந்த நாட்டுக்காரன் எப்படி வேலை வாங்குவான் என்று எனக்கும் தெரியும் மகன். காலையில் நான் கட்டிக் கொடுக்கும் சாப்பாட்டுக் கேரியர் பின்னேரம் எப்படித் திரும்பி வருகிறது என்பதிலிருந்து தெரியும்.

உங்கள் வாப்பா, அல்லாஹ் அவருடைய கப்றை விசாலமாக்கட்டும், வெள்ளைக்காரனின் கப்பல் பட்டறையில் வேலை செய்த காலம் உங்களுக்கு அரைகுறையாக நினைவிருக்கும். சங்கு ஊதினால் வெள்ளைக்காரன் பாதி முறுக்கிய ஆணியை அப்படியே விட்டுவிட்டுக் கை கழுவப் போய்விடுவானாம், வாப்பா சொல்லிச் சிரிப்பார். கேரியர் நக்கிக் கழுவியது போல வெறுமையாக வரும். அதற்காக அவனைப் புகழவேண்டியதில்லை, நிழல் அவனுக்கு, கால் வேகிற மேடை எங்களுக்கு, ஐம்பத்தேழில் கடற்படைத் தளத்தை விட்டுப் போகும்போது நல்ல உழைப்பாளி என்று ஒரு கடதாசி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான், அலுமாரிக்குள் பூச்சி அரித்ததுதான் அதனால் கண்ட பலன். பிறகு வாப்பா நம்முடைய ஆட்கள் நடத்திய வேலைக்குப் போனார். அங்கே பகல் முழுக்க வேலையை மெல்ல மெல்ல உருட்டிவிட்டுப் பின்னேரமானதும் ஓவர்டைம் என்று விழித்துக்கொள்வார்கள், வாப்பாவுக்கு அது பெரிய வயிற்றெரிச்சல். அந்தக் கேரியரில் கூட்டாளிமாருடைய கறி மணமெல்லாம் கலந்து வரும். நம்மிடம் சோம்பல் இல்லை என்று நான் வாதாடவில்லை, அதையும் பார்த்தவள்தான், அதற்கும் சோறு கட்டிக் கொடுத்தவள்தான்.

உங்கள் கொம்பனி இங்கே வந்து தம்பி அபூதாஹிருக்கு அதில் வேலை கிடைத்தபோது உங்களைவிட நான்தான் சந்தோஷப்பட்டேன். இங்கே வேலையை நடத்துகிற கொரியாக்காரர் பார்க் துரை நல்ல மனிதர் என்று தம்பி சொன்னான், விளக்குமாற்றைத் தானே எடுத்துக் கூட்டுவாராம், எல்லோருக்கும் முதல் வந்து எல்லோருக்கும் கடைசியில் போவாராம். விடிய வேலை தொடங்க முதல் எல்லோரையும் மணலில் வரிசையாக நிறுத்திக் கையைத் தூக்கு, காலை அகட்டு, குனி என்று தேகாப்பியாசம் செய்விப்பாராம். முதல் நாள் சாரனோடு போனவர்கள் ஒரு கையைத் தூக்கி மறு கையால் சாரனைப் பிடித்துக்கொண்டு நின்ற கதையைத் தம்பி நடித்துக் காட்டினான், அன்றைக்கு இந்த வீட்டில் எல்லோரும் வயிறு நோகச் சிரித்தோம். அப்படிச் சிரித்து இப்போது கனகாலம்.

போன நோன்பு கச்சான் காற்று அனலாக அடித்த நேரத்தில் வந்தது. தம்பியின் கூட்டத்துக்குத் தலைவர் நம்முடைய ஜமால்தீன்தான், அவர் போய்ப் பார்க் துரையிடம் கேட்டார், நாங்கள் விடியக் கொஞ்சம் முந்தி வருகிறோம், தேத்தண்ணீர் நேரமும் வேண்டாம், சாப்பாட்டு நேரமும் வேண்டாம், ஒரே மூச்சில் இறக்கி முடிக்கிறோம், மூன்றரைக்கு அஸர் பாங்கோடு எங்களை விட்டுவிடுங்கள், பாதையைப் பிடித்து வீடு போய்ப் பிள்ளைகளோடு இருந்து நோன்பு திறக்க வேண்டும் என்று. துரை ஓம் என்றார். கப்பி பிடிக்கிற தம்பிராசா மட்டும்தான் அந்தக் கூட்டத்தில் தமிழ் ஆள், லிங்கநகரிலிருந்து வருகிறவர், நோன்பாளிகளுக்கு முன்னால் வாய் அசைக்கக் கூச்சம் என்று அவரும் அந்த மாதம் முழுக்கப் பகலில் ஒன்றும் தின்னவில்லையாம். ஒருவரும் கதைக்கவில்லை, ஒருவரும் குந்தியிருக்கவில்லை, மற்ற மாதங்களில் பின்னேரம் வரைக்கும் இழுபடுகிற வேலை அஸருக்கு முதல் முடிந்து கிடந்தது. பார்க் துரை கையில் மணிக்கூட்டைப் பார்த்துத் தலையை ஆட்டினாராம். தம்பிக்குப் பெருமை தாங்கவில்லை, உடனே உங்களுக்கு எழுதினான். உங்களுக்கும் பெருமை தாங்கவில்லை, அங்கே உங்கள் பெரிய துரையிடம் எங்கள் ஊர் ஆட்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இவ்வளவு செய்கிறார்கள் என்று சொன்னதாகவும், அவர் இங்கே துரைக்கு அறிவித்துப் பாராட்டியதாகவும் நீங்களே எழுதினீர்கள். நானும்தான் அந்தக் கடிதத்தைப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் காட்டினேன்.

பெருநாள் முடிந்து வேலைக்குப் போனவர்களுக்கு நோன்பில் மணித்தியாலத்துக்கு எடுத்த அளவையே நாள் முழுவதற்கும் அளவாக வைத்துவிட்டார்கள். தேத்தண்ணீர் நேரம் போய்விட்டது. சாப்பாட்டு மணித்தியாலம் பாதியாகிவிட்டது, அந்தப் பாதிக்குள் சாப்பிடலாம் அல்லது ளுஹர் தொழலாம், இரண்டும் ஏலாது. ஆனால் அஸரோடு விடுவது மட்டும் நோன்போடு போய்விட்டது, பழையபடி பின்னேரம் வரைக்கும் வேலை, அதுவும் அந்த வேகத்தில். அதற்குள் முடியாத மிச்சத்தை விசில் ஊதிய பிறகு நின்று முடிக்க வேண்டும், அது அன்றைய வேலையின் மிச்சமே தவிர ஓவர்டைம் இல்லை என்று சட்டம். பாதையைத் தவறவிட்டவர்கள் துறையடியிலேயே சாக்கை விரித்துப் படுத்தார்கள். தம்பி உங்களுக்கு எழுதினான், காக்கா, நீங்கள் சொன்னால் கேட்பார்கள், இது நோன்புக்கு மட்டும் செய்தது என்று அவர்களுக்கு விளங்கப்படுத்துங்கள் என்று கெஞ்சி எழுதினான். அதற்கு நீங்கள் எழுதிய பதில் எனக்கு மனப்பாடம். வெறும் வயிற்றோடு செய்தவர்களுக்கு வயிறு நிறையத் தின்றுவிட்டுச் செய்ய ஏலாதா என்று கேட்டிருந்தீர்கள்.

மகன், அந்தக் கேள்வியை ஒரு கொரியாக்காரர் கேட்டிருந்தால் நான் கோபித்திருக்க மாட்டேன், அவருக்கு நோன்பு தெரியாது. நீங்கள் ஏழு வயதில் பிடித்த முதல் நோன்பில் மத்தியானம் மயங்கி என் மடியில் கிடந்தவர். நோன்பு என்றால் என்ன என்று உங்களுக்கு யார் சொல்லித் தர வேண்டும்? அந்த மாதம் அவர்கள் உழைத்தது கொம்பனிக்காக இல்லை, அல்லாஹ்வுக்காகப் பசியைத் தாங்கி, பாங்கு சொல்லும் நேரம் பிள்ளையின் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசையில் ஓடினார்கள். ஒரு மாதம்தானே என்று உடம்பைக் கேட்டு வாங்கிய வேலை அது. அதை எடுத்து வருஷம் முழுவதற்கும் முழக்கோலாக வைத்தவர்களுக்கு அந்தக் கோலைக் கையில் கொடுத்தது என் வயிற்றில் பிறந்த நீங்கள்.

இனி உங்களுக்கு மறைத்ததை எழுதுகிறேன். தூர தேசத்தில் தனியே இருக்கிறவர், கேட்டால் தாங்க மாட்டார் என்று தம்பிதான் எழுத வேண்டாம் என்று தடுத்தான். கார்த்திகை மழை விடாமல் கொட்டிய ஒரு நாள், கப்பலிலிருந்து இரும்புக் கம்பிகளை மேடைக்கு இறக்கினார்கள். பகல் கிடைத்த அந்தப் பாதி மணித்தியாலத்தில் தம்பி தொழப் போய்விட்டான், சாப்பிடவில்லை. விசில் ஊதிய பிறகும் மிச்சம் கிடந்தது, நின்றார்கள். மழையில் கயிறு வழுக்க, பசியில் கை சோர, கப்பிக்கும் கயிற்றுக்கும் இடையில் அவனுடைய வலது கை மாட்டிக்கொண்டது. தம்பிராசா கப்பியை நிறுத்திக் கையை எடுத்தபோது நடுவில் இருந்த மூன்று விரல்களும் போய்விட்டன, பெருவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். ஆஸ்பத்திரிக்கு அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் தம்பிராசாதான், மறுநாள் காலை பாதையேறி எங்களுக்குச் செய்தி சொல்ல வந்ததும் அவர்தான். வரும்போது தம்பியின் கேரியரையும் கொண்டுவந்தார். திறந்து பார்த்தேன். நான் கட்டிக் கொடுத்த சோறு கட்டிக் கொடுத்தபடியே கிடந்து புளித்திருந்தது. விரல் போன கதையைக் கேட்டபோது வராத அழுகை அந்தச் சோற்றைக் கண்டதும் வந்தது.

பார்க் துரையும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலடியில் இடுப்பு மடியக் குனிந்து, நிமிராமல் வெகுநேரம் நின்றார், மருந்துச் செலவெல்லாம் கொம்பனி பார்க்கும் என்றார். ஒப்பீஸ் பெடியன் ஒருவன் மொழிபெயர்த்தான், துரையின் வாப்பாவும் தங்கள் நாட்டில் ஒரு பட்டறையில் கால் இழந்தவராம், அப்படி உழைத்துத்தான் தங்கள் நாடு எழும்பியதாம். அவருடைய கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அவருக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள்தானே, அவள் என்ன சொன்னாள் என்று கேட்க நினைத்தேன். பிறகு அவர் சொன்னார், நாங்கள் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை, உங்கள் ஆட்கள் செய்து காட்டியதைத்தான் கேட்டோம், உங்கள் மூத்த மகனும் அதைத்தானே சொன்னார் என்று. நான் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். மறுநாளும் அங்கே அதே நேரத்துக்கு விசில் ஊதியது.

தம்பிக்கு இப்போது துறைமுக வாசல் கேற்றில் நிற்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். வலது கையால் சோற்றைப் பிசைந்து எடுக்க ஏலாது, இடது கையால் தின்ன அவனுக்கு மனமில்லை. வீட்டில் அவனுடைய பெண்சாதி றம்லா குழைத்துக் கவளமாக உருட்டி வைப்பாள், பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையில் இடுக்கி எடுப்பான், யாராவது வந்தால் எழுந்து போய்விடுவான். இங்கே கிடைக்கும் கரண்டியெல்லாம் காம்பு மெல்லியது, விரலுக்குள் நிற்காமல் சுழன்று விழுகிறது. வேலையில் மற்றவர்கள் சாப்பிடக் கூடுகிற நேரம் இவன் கேரியரைத் தூக்கிக்கொண்டு கம்பி அடுக்கியிருக்கிற பக்கம் போய் ஒளித்திருந்து தின்கிறானாம், தின்கிறானோ கொட்டுகிறானோ அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். சம்பூரிலிருந்து தம்பிராசாவின் பெண்சாதி வீட்டார் ஒரு சட்டி தயிர் கொடுத்தனுப்பினார்கள், தயிர்ச் சோறு பிசையாமலே தின்னலாம் என்று நினைத்து அனுப்பியிருக்கிறார்கள். அந்த நினைப்பு கூடப்பிறந்த உங்களுக்கு வர வேண்டியது என்று எண்ணி அன்றைக்கும் அழுதேன். நீங்கள் அறியாதவர் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. இனி அறிந்துவிட்டீர்கள்.

நீங்கள் போர்மனாக வரப்போகும் செய்தி உங்கள் கடிதத்துக்கு முதலே துறைமுகத்துக்கு வந்துவிட்டது. இந்த வெள்ளி ஜும்ஆ முடிந்து ஜமால்தீனும் தம்பிராசாவும் வீட்டுக்கு வந்தார்கள். கதிரை போட்டும் இருக்கவில்லை, தேத்தண்ணீர் கொடுத்தேன், கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்கள், நீங்கள் எழுதியது போலத்தான், மணிக்கூட்டை மட்டும் பார்க்கவில்லை. ஜமால்தீன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், "ராத்தா, கலீல் வாறது எங்களுக்குச் சந்தோசம்தான். ஆனா இந்த நோன்புக்கு நாங்க சாப்பாட்டு மணித்தியாலத்த விடமாட்டம். சோறு இல்லாட்டியும் குந்தியிருப்பம். அரவாசி இல்ல, முழு மணித்தியாலமும்." தம்பிராசாவும் தலையை ஆட்டினார். அதாவது மகன், நோன்பு மாதம் பகல் வெய்யிலில் தின்னவும் குடிக்கவும் ஒன்றுமில்லாமல் அத்தனை பேரும் மேடையில் வரிசையாக வெறுங்கையோடு இருக்கப் போகிறார்கள், அஸரோடு வீடு போகிற ஆசையையும் விட்டுவிட்டார்கள். இனி யாரும் தங்கள் நோன்பை அளந்து எடுக்கக் கூடாது என்பதற்காக. அவர்களை எழுப்ப விசில் ஊத வேண்டியவர் போர்மன். அது நீங்கள்.

அந்த வரிசையில் தம்பியும் இருப்பான். நான் கேட்டேன், நீ கேற்றில் நிற்கிறவன்தானே, உனக்கு ஏன் இந்த வேலை என்று. அந்த ஒரு மாதம்தான் உம்மா ஒருவரும் தின்ன மாட்டார்கள், எனக்கும் அவர்களோடு சேர்ந்து இருக்கலாம் என்றான்.

இந்த வேலையை எடுக்காதீர்கள் என்று எழுத மாட்டேன், உங்களை வருஷக்கணக்காகக் கண்ணால் காணாத தாய், வர வேண்டாம் என்று எழுத என்னால் ஏலாது. ஆனால் ஒன்று மட்டும் கேட்கிறேன். நோன்பு முதல் நாள் பகல் அவர்கள் குந்தியிருக்கும்போது நீங்கள் விசிலை வாயில் வைப்பீர்களா, இல்லை போர்மன் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத் தம்பிக்குப் பக்கத்தில் போய் இருப்பீர்களா? அப்படி இருந்தால் கொம்பனி உங்களை வீட்டுக்கு அனுப்பும், அது எனக்குத் தெரியும். ஊதினால் அன்றைக்கு நோன்பு திறக்க இந்த வீட்டுப் பாயில் எந்த முகத்தோடு வந்து இருப்பீர்கள், அதுதான் எனக்குத் தெரியவில்லை. கொம்பனிக்குப் பதில் எழுத முதல் எனக்குப் பதில் எழுதுங்கள்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள், வெய்யிலிலிருந்து வந்த கையோடு குளிர் அறைக்குள் போகாதீர்கள், ஒரு நேரமாவது ஆறுதலாக இருந்து சாப்பிடுங்கள். என்ன எழுதினாலும் நீங்கள் என் பிள்ளை, உங்கள் கைகால்களை அல்லாஹ் பாதுகாப்பானாக, உங்கள் நெஞ்சையும் இளகச் செய்வானாக. ஸல்ஹாவும் நிஸாவும் தம்பியும் றம்லாவும் ஸலாம் சொல்லுகிறார்கள். தம்பி உங்கள்மேல் கோபமில்லை என்று எழுதச் சொன்னான், எழுதிவிட்டேன், அது அவனுடைய சொல்.

மறக்க வேண்டாம், வரும்போது ரேடியோவும் போர்வையும் சென்ட் போத்தலும் சுமந்துகொண்டு வர வேண்டாம். தம்பிக்குக் காம்பு தடித்த கரண்டி ஒன்று தேடிக் கொண்டுவாருங்கள், வலது கையின் இரண்டு விரலுக்குள் நிற்கக்கூடியதாக.

இப்படிக்கு,
உங்கள் உம்மா
ஸெ. பல்கீஸ்